டீச்சருக்கு மட்டும் 'ஆர்'

மொட்டைப் பெட்டிசன் எழுதுகிற ஆள் பேரை மறைக்கலாம். கையெழுத்தை மறைக்கலாம். இலக்கணத்தை எங்கே கொண்டுபோய் மறைப்பது? செசிலி டீச்சர் அந்தத் தாளை இரண்டாந்தரம் வாசித்தபோது கோபத்தோடு கோபமாக அவருக்கு ஒரு சந்தோஷமும் வந்தது என்றால் நம்புவீர்களா? வந்தது. ஆளைப் பிடித்துவிடலாம் என்கிற சந்தோஷம்.

மடுல்சீமைக்கும் மேலே, ரோட்டு முடிந்து பஸ் மூச்சு வாங்கி நிற்கிற இடத்தில் இருந்தது அந்தத் தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடம். அதிபர் எட்வர்ட் சேர் தன் அறைக் கதவைச் சாத்திவிட்டுத்தான் தாளை நீட்டினார்.

"வலயக் கல்விக் கந்தோர்ல இருந்து கொப்பி அனுப்பியிருக்காங்க டீச்சர். மூணு கிழமையில விசாரணை. அது முடியிற வரைக்கும் உங்க இடமாற்றத்த நிப்பாட்டி வச்சிருக்காங்க."

"நிப்பாட்டியா?"

"ஜனவரி லிஸ்ட்ல பேர் வராது. அடுத்த வருஷம் பாப்பம்."

அடுத்த வருஷமாம்! எவ்வளவு லேசாகச் சொல்லிவிட்டார் மனுஷன். எட்டு வருஷம். கஷ்டப் பிரதேசம் என்று கவர்மெண்டே ஒத்துக்கொண்ட இடத்தில் எட்டு வருஷம் குப்பை கொட்டியாயிற்று. கணவர் ஜொனி பதுளை ஆஸ்பத்திரியில் லேப் உதவியாளர். மகள் நிலக்ஷனா அவரோடு பதுளையில். டீச்சர் திங்கள் விடிய முதல் பஸ் ஏறி இங்கே வந்தால் வெள்ளி பின்னேரம்தான் வீடு. போன ஞாயிற்றுக்கிழமை ஏழு வயசுப் பிள்ளை கேட்கிறாள், "அம்மா, அடுத்த கிழமையும் எங்க வீட்டுக்கு வருவீங்களா?" எங்க வீட்டுக்கு! பெற்ற தாயை விருந்தாளி மாதிரி விசாரிக்கிறாள் பிள்ளை. அன்றைக்கே டீச்சர் சத்தியம் பண்ணிக் கொடுத்திருந்தார், கிறிஸ்மஸுக்கு வந்தால் அம்மா திரும்பிப் போகமாட்டேன் என்று.

அந்தச் சத்தியத்தின் மேல்தான் எவனோ எவளோ ஒன்று மண் அள்ளிப் போட்டிருந்தது.

பெட்டிசன் இங்கிலீசில் இருந்தது. கோடு போட்ட கொப்பித் தாள், கையெழுத்து தெரியாமலிருக்க முழுக்கப் பெரிய எழுத்து. திங்கட்கிழமை டீச்சர் ஆர் கமிங் லேட். வெள்ளிக்கிழமை டீச்சர் ஆர் கோயிங் ஏர்லி. டீச்சர் ஆர் திங்கிங் ஒன்லி அபௌட் பதுளை. இப்படி ஐந்து இடத்தில் 'டீச்சர் ஆர்'. கடைசியில், தயவுசெய்து விசாரணை வையுங்கள், விசாரணை முடியாமல் இடமாற்றம் கொடுக்காதீர்கள் என்று ஒரு முடிப்பு.

டீச்சர் ஆர்! இந்தப் பிழையோடு செசிலி டீச்சர் எட்டு வருஷமாகக் குடித்தனம் நடத்துகிறார். அந்த மலைப் பிள்ளைகளுக்கு வீட்டில் அப்பா 'வர்றாங்க', சாமியார் 'பேசுறாங்க', டீச்சர் 'ஏசுறாங்க'. பெரியவர்கள் என்றால் அந்த 'ங்க' இல்லாமல் வாய் வராது. இங்கிலீசில் எழுதச் சொன்னால் அந்த மரியாதையை எங்கே வைப்பது என்று தெரியாமல், ஒருத்தரைப் பல பேராக்கி 'ஆர்' போட்டுவிடுவார்கள். 'மை ஃபாதர் ஆர் எ கங்காணி' என்று ஒரு பிள்ளை எழுதிக்கொண்டு வரும். "உனக்கு எத்தனை அப்பா?" என்று கேட்டால் வகுப்பே சிரிக்கும். அடுத்த நாள் சிரித்தவனே 'மை மதர் ஆர்' என்று எழுதிக்கொண்டு வருவான். கரும்பலகையின் மூலையில் எட்டு வருஷமாக அழிக்காமல் ஒரு வரி கிடக்கிறது: ஆள் ஒன்று என்றால் 'இஸ்', அரசனே ஆனாலும் 'இஸ்'.

அப்படியென்றால் எழுதியது பிள்ளைகளா? தாய் தகப்பனா? டீச்சருக்கு அங்கேதான் மூக்கு வியர்த்தது. லயத்து வரிசை வீடுகளில் இருக்கிற எந்தத் தகப்பன் 'நெக்லிஜென்ஸ்' என்று எழுத்துப் பிழை இல்லாமல் எழுதுவான்? 'கைண்ட்லி' எப்படி வந்தது? இது படித்த கை. படித்த கை வேணுமென்றே பிள்ளைகளின் பிழையைப் பொறுக்கி எடுத்து முகத்தில் பூசிக்கொண்டு வந்திருக்கிறது, சந்தேகம் லயத்துப் பக்கம் போகட்டும் என்று. என்ன ஒரு கள்ளத்தனம்! அந்தப் பிழை தெரிந்த ஆள் என்றால் பள்ளிக்கூடத்துக்குள்ளே இருக்கிற ஆள், அல்லது பள்ளிக்கூடத்துக்கு அடிக்கடி வந்துபோகிற ஆள்.

அன்று முதல் டீச்சரின் கண்ணுக்கு எல்லாரும் கள்ளர்தான்.

எட்வர்ட் சேர் ஏன் கதவைச் சாத்தினார்? ஏன் கண்ணைப் பார்த்துப் பேசவில்லை? போன வருஷம் சயன்ஸ் சேர் மாற்றலாகிப் போனதிலிருந்து அந்த இடம் காலியாகத்தான் கிடக்கிறது. இங்கிலீசும் காலியானால் அதிபர் வலயக் கூட்டத்தில் தலைகுனிந்து நிற்கவேண்டும். தோட்டத்து ஆபீஸ் கிளாக்கர் தினேஸ் இருக்கிறாரே, தன் தங்கச்சி மகளைப் பேச்சுப் போட்டிக்கு எடுக்கவில்லை என்று டீச்சரைக் கண்டால் சைக்கிளை மிதித்துக்கொண்டு பறக்கிற ஆள். இங்கிலீசு தெரிந்தவர் வேறு. அப்புறம் ஜெனீரா டீச்சர். கணக்குப் பாடம். பசறையிலிருந்து தினமும் வந்துபோகிறவர். திங்கட்கிழமை பஸ் பசறையில் நிற்கும்போது ஏறி, செசிலி டீச்சருக்குப் பக்கத்து சீட்டில்தான் உட்காருவார். எத்தனை மணிக்குப் பஸ் போய்ச் சேரும் என்று நிமிஷக் கணக்கில் தெரிந்தவர். அவரும் அதே பஸ்ஸில் லேட்டாகத்தான் வருகிறார். ஆனால் பெட்டிசனில் அவர் பேர் இல்லை. ஏன் இல்லை?

அந்த 'ஏன் இல்லை' டீச்சரின் தொண்டையில் மீன் முள் மாதிரி நின்றது.

செவ்வாய்க்கிழமை ஒரு வேலை செய்தார். மூன்று பேரிடமும் போய், "விசாரணைக்கு எனக்குச் சாதகமா இங்கிலீசுல ஒரு கடிதம் எழுதித் தாங்களேன்" என்று கேட்டார். முகத்தைப் பாவம் போல வைத்துக்கொண்டுதான் கேட்டார். எழுதட்டும், எழுதினால் விரல் நுனியில் இருக்கிற இலக்கணம் வெளியே வந்துதானே ஆகவேண்டும்.

அதிபர் அன்றைக்கே எழுதிக் கொடுத்தார். 'சம்பந்தப்பட்ட ஆசிரியை' என்று ஆரம்பித்து முழுக்க 'இஸ்'தான். வழவழவென்று, கந்தோர்க் கடிதம் போல. தப்பே இல்லை. தப்பே இல்லாததுதான் டீச்சருக்குச் சந்தேகமாக இருந்தது.

கிளாக்கர் தினேஸ் சைக்கிளை நிறுத்தி, "எதுக்கு டீச்சர் பெட்டிசன் எல்லாம், விசர் வேலை" என்று உண்மையாகவே ஆத்திரப்பட்டு எழுதித் தந்தார். வாசித்தால் 'சில்ரன் இஸ்', 'பேரன்ட்ஸ் இஸ்', ஏன், 'வீ இஸ்' கூட இருந்தது. மனுஷனுக்கு ஒருமையும் இல்லை, பன்மையும் இல்லை. கண்ட இடத்தில் எல்லாம் 'இஸ்' தெளித்து வைத்திருந்தார். இந்தக் கைக்கு 'ஆர்' என்று ஒன்று இருப்பதே தெரியாது. போகட்டும், இவர் இல்லை என்று டீச்சர் பெருமூச்சு விட்டார்.

ஜெனீரா டீச்சர் எழுதித் தரவில்லை. "நாளைக்குத் தாறேன்" என்றார். நாளைக்கும் நாளைக்கு என்றார். வியாழக்கிழமை கேட்டதற்கு, "மறந்துட்டேன் டீச்சர்" என்று புத்தகத்துக்குள் முகத்தை விட்டுக்கொண்டார்.

மறந்துவிட்டாராம்! ஐந்து வருஷம் ஒரே சீட்டில் உட்கார்ந்து, ஒரே பொட்டலத்தில் கடலை தின்ற மனுஷிக்கு நாலு வரி எழுத மறந்துவிட்டதாம். செசிலி டீச்சருக்கு அதற்குமேல் ஆதாரம் வேண்டியிருக்கவில்லை.

வெள்ளிக்கிழமை இடைவேளையில், ஆசிரியர் அறையில் மற்றவர்கள் வெளியே போனதும், பெட்டிசன் கொப்பியை ஜெனீராவின் முன்னால் போட்டார்.

"உங்க கையால இத மட்டும் எழுத முடிஞ்சுதா டீச்சர்?"

ஜெனீரா தாளைப் பார்த்தார், ஆளைப் பார்த்தார். "என்ன சொல்றீங்க?"

"திங்கக்கிழமை பஸ் எத்தனை மணிக்கு வருதுன்னு உங்களுக்குத்தானே தெரியும். நீங்களும் லேட்டுதான். உங்க பேர் ஏன் இதுல இல்ல? நாலு நாளா எழுதித் தாறேன் தாறேன்னு ஏன் ஏமாத்துறீங்க? எழுதினா புடிபட்டுருவோம்னு பயமா?"

ஜெனீராவின் முகம் சிவந்து, பிறகு வெளுத்தது. பையைத் திறந்து ஒரு தாளை எடுத்து மேசையில் வைத்தார். அடித்து அடித்து எழுதிய தாள். மூன்று வரிக்குமேல் போகவில்லை.

"எனக்கு இங்கிலீசு எழுத வராது டீச்சர். உங்களுக்கு முன்னால பிழை விட வெக்கமா இருந்துச்சு. வீட்டுல அவர்கிட்ட கேட்டுத் திருத்திக்கிட்டு வரலாம்னு வச்சிருந்தேன். அதுக்குள்ள என்னயக் கள்ளியாக்கிட்டீங்க."

செசிலி டீச்சர் பெட்டிசனைத் திரும்ப எடுக்கக் கையை நீட்டினார். ஆனால் ஜெனீரா விடவில்லை. அழுகிற குரலில், கணக்கு டீச்சரின் விரலோடு, பெட்டிசனின் வரிகளை எண்ண ஆரம்பித்தார்.

"எனக்கு எண்ணத்தான் தெரியும், எண்ணிக் காட்டுறேன், பாருங்க. பஸ் இஸ். பிரின்சிபல் இஸ். ஸ்கூல் இஸ். ஆபீஸ் இஸ். பன்னெண்டு இடத்துல 'இஸ்' இருக்கு. சரியா பிழையா, நீங்களே சொல்லுங்க."

"சரி."

"சில்ரன் ஆர். அது?"

"சரிதான்."

"அப்ப எழுதின ஆளுக்கு இலக்கணம் தெரியும். எங்க பிழை? டீச்சர்ங்கிற சொல் வர்ற அஞ்சு இடத்துல மட்டும். வேஷம் போடுறவ பிழைய எல்லா இடத்துலயும் தூவுவா, உங்களுக்குன்னு பாத்துப் பாத்து வைக்க மாட்டா. அதிபருக்குக் கூட 'இஸ்' போட்டிருக்கு. உங்களுக்குப் போட மனசு வரல." தாளைத் திருப்பித் தள்ளினார். "உங்கள வெறுக்கிறவங்க எழுதினதில்ல இது. போய்ப் பாத்துக்கோங்க. எனக்கு உங்க மன்னிப்பெல்லாம் வேணாம்."

சொல்லிவிட்டுக் கொப்பிகளை அள்ளிக்கொண்டு வெளியே போனார். செசிலி டீச்சர் தனியாக உட்கார்ந்திருந்தார். பன்னிரண்டு 'இஸ்'. ஐந்து 'ஆர்'. எட்டு வருஷம் இங்கிலீசு படிப்பித்த கண்ணுக்குத் தெரியாதது கணக்கு டீச்சருக்குத் தெரிந்திருக்கிறது. வெட்கக்கேடு. ஆனால் வெட்கப்படவும் நேரமில்லை. ஏனென்றால் ஒரு குரல் காதில் வந்து நின்றுவிட்டது.

"டீச்சர், நாய்க்கும் 'இஸ்', பூனைக்கும் 'இஸ்', உங்களுக்குமா 'இஸ்'? மத்தவங்களுக்குன்னா எழுதிருவேன் டீச்சர். உங்களுக்கு எழுதக் கை வராது."

ஜெயந்தினி.

பள்ளிக்கூடம் விட்ட பிறகு பெரியவர்களுக்கென்று டீச்சர் நடத்துகிற வகுப்பில் முன் வரிசை வாங்கில் உட்காருகிறவள். இருபத்து நாலு வயது. அவள் படித்த காலத்தில் இந்தப் பள்ளிக்கூடத்தில் இங்கிலீசுக்கு ஆளே இல்லை. ஓலெவல் பரீட்சையில் இங்கிலீசுத் தாளில் பேரை மட்டும் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தவள். இப்போது பிள்ளைக்காம்பராவில் வேலை, கொழுந்தெடுக்கப் போகிற தாய்மார் விட்டுப்போகிற குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற இடத்தில். டிசம்பரில் மறுபடி பரீட்சை எழுதப்போகிறாள். 'நெக்லிஜென்ஸ்' என்ற சொல்லை அவளுக்கு எழுத்துக்கூட்டச் சொல்லிக்கொடுத்தது யார்? இதே செசிலி டீச்சர்தான், செப்டம்பரில்.

பள்ளிக்கூடம் விட்டதும் டீச்சர் குடையைக்கூட எடுக்காமல் இறங்கி நடந்தார்.

பிள்ளைக்காம்பராவில் சீலைத் தொட்டில்கள் தொங்கிக்கொண்டிருந்தன. ஜெயந்தினி ஒரு குழந்தைக்கு மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள். டீச்சரின் கையில் இருந்த தாளைக் கண்டதும் அவள் கை அப்படியே நின்றது. கேட்கவே வேண்டியிருக்கவில்லை.

"நீயா?"

அவள் எழுந்து நின்றாள். "பொய் ஒண்ணும் எழுதல டீச்சர். திங்கக்கிழமை லேட்டாத்தானே வர்றீங்க."

"அடிப் பாவி! பஸ் லேட்டா வந்தா நான் என்ன பறந்தா வர முடியும்? எதுக்குடி எழுதின?"

"பெட்டிசன் இருந்தா மாத்த மாட்டாங்கன்னு சொன்னாங்க. எங்க பிள்ளைக்காம்பரா ஆபீசர் அம்மாவுக்கு அப்பிடித்தான் நடந்துச்சு. ரெண்டு வருஷம் இங்கயே இருந்தாங்க." அவள் குரல் உடைந்தது. "சயன்ஸ் சேர் போனாங்க, இன்னும் ஆள் வரல. நீங்களும் போனா யாரும் வர மாட்டாங்க டீச்சர். இந்தக் காட்டுக்கு யார் வருவாங்க? நான் பேர மட்டும் எழுதிக் குடுத்துட்டு வந்த மாதிரித்தான் இதுங்களும் வரும்." தொட்டில்களைக் கையால் காட்டினாள். "உங்கள வச்சுக்க எனக்கு வேற வழி தெரியல."

"என்னய வச்சுக்கிறியா? எம் பிள்ளைக்கு ஏழு வயசு. பெத்த அம்மாவ, 'எங்க வீட்டுக்கு வருவீங்களா'ன்னு கேக்குது. தெரியுமா உனக்கு? அது பொறந்ததுல இருந்து நான் அத கிழமைக்கு ரெண்டு நாள்தான் பாத்திருக்கேன். இங்க உள்ள பிள்ளைங்களுக்கு மூக்குத் தொடச்சு விட்டு, எழுத்துச் சொல்லிக்குடுத்து, எம் பிள்ளைய நான் யார்கிட்டயோ விட்டுட்டுக் கெடக்கேன். இனியாவது அதோட போய் இருக்கலாம்னு பாத்தேன், அதுக்கும் நீ வேட்டு வச்சுட்ட."

டீச்சர் கத்தியதில் இரண்டு குழந்தைகள் விழித்து அழுதன. ஜெயந்தினி ஒரு தொட்டிலைக் காலால் ஆட்டிவிட்டு, அலமாரியிலிருந்து கொப்பியை எடுத்தாள். ஒரு தாளைக் கிழித்தாள்.

"இப்பவே எழுதித் தாறேன் டீச்சர். நான்தான் எழுதினேன்னு. பேர் போட்டு."

பேர் போட்டால் என்ன ஆகும் என்று செசிலி டீச்சருக்குத் தெரியும். கவர்மெண்ட் டீச்சர் மேல் மொட்டைப் பெட்டிசன் போட்டவள் என்று வேலைக்கே ஆபத்து வரலாம். வேண்டாம் என்று சொல்லலாமா என்று ஒரு நிமிஷம் மனசு தடுமாறத்தான் செய்தது. ஆனால் நிலக்ஷனாவின் முகம் குறுக்கே வந்தது. டீச்சர் வாயை மூடிக்கொண்டு நின்றார். அதை நினைத்துத் தன்னையே பிடிக்காமலும் நின்றார்.

ஜெயந்தினி குந்தியிருந்து, முழங்காலில் கொப்பியை வைத்து எழுதினாள். பெரிய எழுத்து இல்லை, தன் சொந்தக் கையெழுத்து. யோசித்து யோசித்து, ஒரு சொல்லும் அடிக்காமல் எழுதினாள். கீழே முழுப் பேரும், லயத்து இலக்கமும், கையெழுத்தும். எழுந்து இரண்டு கையாலும் நீட்டினாள்.

டீச்சர் வாசித்தார். பெட்டிசன் எழுதியது நான். டீச்சர் இஸ் நொட் லேட், த பஸ் இஸ் லேட். டீச்சர் இஸ் எ மதர். ஷீ ஹேஸ் எ சைல்ட் இன் பதுளை. டீச்சர் இஸ் ஃப்ரீ டு கோ.

கண் தன் பழக்கத்தில் பிழை தேடியது. ஒன்றும் இல்லை. எழுவாய்க்கு ஏற்ற பயனிலை, ஒவ்வொரு வரியிலும். மறுபடி தேடியது. டீச்சர் இஸ். டீச்சர் இஸ். டீச்சர் இஸ்.

"பிழை இருக்கா டீச்சர்?"

"இல்ல," என்றார் செசிலி டீச்சர். "எல்லாம் சரி."

"அன்னைக்கு உங்களுக்கு 'இஸ்' போடக் கை வரல," என்றாள் ஜெயந்தினி. டீச்சரின் முகத்தை அவள் பார்க்கவில்லை. அழுகிற குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டிருந்தாள். "இன்னைக்கு வந்திருச்சு."

வகுப்பில் யார் ஒரு வரியைச் சரியாக எழுதினாலும் 'வெரி குட்' என்று சொல்லாமல் விடமாட்டார் செசிலி டீச்சர். அன்றைக்குச் சொல்ல முடியவில்லை. தாளை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு, பதுளை பஸ்ஸைப் பிடிக்க மேட்டில் ஏறினார். பஸ் வந்தபோது அவர் அழுதுகொண்டிருந்தார்.